ஏப்பச் சாமியின் செங்கல்

ஏப்பச் சாமியைப் பார்க்க நின்ற வரிசை அவ்வளவு நீளம். கடைசி ஆள் விட்ட ஏப்பம் முதல் ஆளிடம் வந்து சேர்வதற்குள் ஆறிப்போய்விடும்.

படுத்தால் நெஞ்சு எரிகிறவர்களுக்கெல்லாம் சாமி சொன்ன காரணம் நெருப்புப் பூதம். கொடுத்த மருந்து, மந்திரித்த செங்கல் இரண்டு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் வைக்க வேண்டும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். சோற்று வாசனை பட்டால் பூதம் விழித்துக்கொள்ளுமாம். எரிச்சல் அடங்கியது. ஆனால் ஏழு நாளில் மந்திரம் தீர்ந்துவிடும், நேரில் வந்து புதுக்கல் வாங்க வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் கெட்டுவிடுமே.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் நாலு வாரமாகக் கல் மாற்றினார். நாலு நாள் வேலைக்கு மட்டம். ஐந்தாவது தடவை மட்டம் போட்டால் சீட்டுக் கிழியும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஐந்தாவது கல் மாற்றும் நாளன்று பத்து மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். ஒன்பதரைக்கு அவர் வரிசையில் நின்றார்.

அவர் தங்கை கொத்தனார். சாந்துச் சட்டியில் நாலு செங்கல்லோடு வந்து சேர்ந்தாள்.

"வண்டியை எடுண்ணே."

"தூங்காம ஓட்டுனா வண்டி குளத்துக்குள்ள போகும். பேசாம இரு."

அவள் நேராகச் சாமியிடம் போனாள்.

"சாமி, இதுல ரெண்டு உங்க கல்லு. எதுன்னு சொல்லுங்க."

சாமி கண்ணை மூடி, நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, இரண்டைத் தொட்டார். "இதுலதான் என் மந்திரம் துடிக்குது."

அவள் புரட்டினாள். சுண்ணாம்புப் பூச்சில் 'துப்பாதீர்' என்பதில் பாதி இருந்தது.

"பணிமனைக் கக்கூஸ் சுவர்ல இடிச்சு எடுத்தது. ஒரு வாரமா எங்கண்ணன் கட்டிலுக்கு அடியில இதுதான் இருந்துச்சு, எரிச்சலே இல்ல. உங்க கல்லு ரெண்டும் அதுவரைக்கும் எங்க வீட்டுக் கதவுக்கு முட்டா இருந்துச்சு."

"மந்திரம் கல் விட்டுக் கல் தாவும்மா" என்றார் சாமி. வரிசையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

ஓட்டுநர் மட்டும் ஆட்டவில்லை. "அப்போ எதுக்கு சாமி வாரா வாரம் புதுக்கல்லு?"

சாமி ஏப்பத்தைப் பாதியில் விழுங்கிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"பூதமும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் தங்கை. "வயித்துப் புளிப்பு. மட்டமாப் படுத்தா தொண்டைக்கு ஓடி வருது. தலைமாட்டை உசத்தி சரிவா வாட்டம் விட்டா கீழயே நிக்கும். சாக்கடை கட்டுறவ சொல்றேன்."

ஓட்டுநர் பணிமனைக்கு ஓடினார். பத்து மணி வண்டி பத்து மணிக்கே கிளம்பியது. சாமி பின்வாசல் வழியாகக் கிளம்பினார்.

வரிசை மட்டும் கலையவில்லை. கொத்தனார் பக்கம் திரும்பி நின்றது.

"அம்மா, எங்க கல்லையும் கொஞ்சம் தொட்டுக் குடுங்க."

அவள் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"ராத்திரி தலையை உசத்தி வைங்க. பகல்ல அதை வேலைக்கு அனுப்புங்க."