சில்லறைக்கு இறங்கிய மாப்பிள்ளை

"சில்லறையாக் குடுங்க தம்பி. இந்த நோட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றார் வேன்காரர்.

மாப்பிள்ளை எல்லாப் பையையும் துழாவினான். இருந்தது அந்த ஒரே பெரிய நோட்டுதான்.

"போன்ல அனுப்பட்டுமா?"

வேன்காரர் தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினார்.

"அப்ப மீதியை நீங்களே வச்சுக்கோங்க."

"ஓசிக் காசு எனக்கெதுக்கு? எதிர்க் கடையில மாத்திட்டு வாங்க. வண்டி நிறைஞ்சா எடுத்துடுவேன்."

படகுத்துறைக்குப் போகும் அந்த வேனில் இரண்டு இடம்தான் காலி. இதை விட்டால் படகும் போய்விடும். நாளைக் காலை அக்கரையில் மாப்பிள்ளைக்குக் கல்யாணம். பத்திரிகையில் தன் பெயர் சின்ன எழுத்தில் இருந்ததென்று கோபித்துக்கொண்ட அண்ணன் இந்தத் தீவில்தான் வாத்தியார். அவரைச் சமாதானப்படுத்த வந்திருந்தான். அவரும் மனமிரங்கி, "நீ முன்னால போ, நான் அடுத்த படகுல வர்றேன்" என்றார். அடுத்த படகு அடுத்த வாரம்.

வேன்காரர் கூரைமேல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சட்டென்று வண்டிச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். இனி நான் வராமல் வேன் எப்படிப் போகும்! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு கடைக்கு ஓடினான்.

கடைக்காரம்மா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சும்மா மாத்தித் தர முடியாது. ஏதாச்சும் வாங்குங்க."

சோப்பு வாங்கினான்.

"ஒரு சோப்புக்கு இவ்வளவு மீதி குடுக்க எங்கிட்ட இல்லையே."

துடைப்பம் வாங்கினான். குடை வாங்கினான். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் வாளி.

"அப்பாடா, கணக்கு நேரா வந்துடுச்சு. மீதியே இல்ல!" என்றார் கடைக்காரம்மா, மலர்ந்த முகத்துடன்.

மாப்பிள்ளை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். பெண்ணின் அப்பா காலையிலேயே, "படகு, கிடகுன்னு சாக்குச் சொல்லக் கூடாது" என்று எச்சரித்திருந்தார். தன்னைப் போல ஒரு துரதிர்ஷ்டசாலி உலகத்தில் இல்லை என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ, அழாதீங்க தம்பி! எங்க வீட்டுக்காரர் பைக்ல படகுத்துறைக்குத்தான் போறாரு. பின்னால ஏறிக்கோங்க."

துடைப்பத்தையும் குடையையும் வாளியில் செருகி மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாகப் பறந்தான். துறை வந்தது. படகு இருந்தது! கடவுளே என்று ஓடிப்போய் முதல் ஆளாக ஏறினான். திரும்புவதற்கான டிக்கெட் காலையிலேயே எடுத்ததுதான்.

ஆனால் படகு அசையவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"எப்ப சார் கிளம்பும்? இருட்டிடுமே!" என்று டிக்கெட் கிழிப்பவரைக் கெஞ்சினான்.

"படகோட்டி வந்தாத்தானே? மதியானத்துல அவர்தான் இங்க வேனும் ஓட்டுறாரு. எவனோ சாவியைத் தூக்கிட்டுப் போயிட்டானாம். அவன் கையில கிடைச்சா கடல்ல வீசிட்டுத்தான் படகை எடுப்பேன்னு போன்ல கத்திக்கிட்டே, பாவம், நடந்து வந்துட்டிருக்காரு."