நாற்காலி உடைந்த வழக்கில் மச்சானுக்கு விடுதலை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் மிஷின்களும் சுகம். அங்கே உங்கள் இடுப்பும், அதற்கு ஒத்தடம் கொடுக்கிறேன் என்று என்னிடம் கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். கடிதத்தைக் கிழித்துவிடாமல் மேலே படியுங்கள். நீங்கள் குற்றவாளி இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது!

நடந்ததை நான் மறுக்கவில்லை. கடை திறப்பு அன்று, மொத்த வியாபாரிகள் அத்தனை பேர் முன்னிலையிலும் நாங்களே அச்சில் வார்த்த புது பிளாஸ்டிக் நாற்காலியில் உங்களை உட்காரவைத்து, "என் மச்சானையே தாங்குற நாற்காலி, உங்க வாடிக்கையாளரைத் தாங்காதா?" என்று மைக்கில் கேட்டேன். வியாபாரி வாய் சும்மா இருக்குமா? நான் வாயை மூடுவதற்குள் நாற்காலி பதில் சொல்லிவிட்டது. சபையே சிரித்தது. பெரிய கடைக்காரர், "நாற்காலி விக்கிறீங்களா, சறுக்குமரம் விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பதற்றத்தில் நானும், "முதல்ல ஆளைப் பாருங்க, அப்புறம் நாற்காலியைப் பேசுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அதை உங்கள் தங்கை பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் உடம்பைப் பேசாதீங்க, உங்க சரக்கைப் பேசுங்க. தப்பு நாற்காலி மேலதான்னு எல்லார் முன்னாடியும் சொல்ற வரைக்கும் இந்த வீட்டுப் படியேற மாட்டேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களோடு வண்டியேறினாள். அன்றிலிருந்து நான் சமைப்பதை நானே சாப்பிடுகிறேன். அந்தத் தண்டனை எதிரிக்கும் வேண்டாம்.

சரி, சரக்கையே பேசுவோம் என்று உடைந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன். உட்காரும் பலகைக்கு நட்டநடுவே, ரம்பத்தால் அறுத்ததுபோல் ஒரே நேர்க்கோடு. பாரத்தால் உடைவதென்றால் கால் வளையும், முதுகு கிழியும். இப்படி வகிடு எடுத்த மாதிரியா உடையும்? அதே அச்சில் வந்த இன்னொரு நாற்காலியை எடுத்து, நாங்கள் ஈர்க்குச்சி என்று கூப்பிடும் எங்கள் கணக்குப்பிள்ளையை உட்காரச் சொன்னேன். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். "முதலாளி, நான் உட்கார்ந்தா அதுக்குத் தெரியவே தெரியாதே" என்றான். "குதிச்சு உட்காருய்யா" என்றேன். குதித்தான். படார்! அதே இடம், அதே கோடு. தரையில் கிடந்தபடியே "முதலாளி, எனக்கும் அடிபட்டிருக்கு" என்றான். எனக்கோ அவனைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போலிருந்தது. அந்த நாற்காலி ஆள் பார்த்து உடையவில்லை மச்சான், கோளாறு அதன் உடம்பில்!

அச்சு செய்துகொடுத்த மோல்டுக்காரரை வரவழைத்தேன். பார்த்ததுமே "வெல்ட் லைன், ஒட்டுக் கோடு" என்றார். சீக்கிரம் நிரம்பட்டும் என்று நான் நச்சரித்ததால் அச்சுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என பிளாஸ்டிக் உள்ளே பாய இரண்டு வாய் வைத்திருந்தார். உருகிய பிளாஸ்டிக் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து நடுவில் முட்டிக்கொள்கிறது. முட்டுகிற இடம்தான் அந்தக் கோடு. பலத்துக்காகக் கலந்த கண்ணாடி இழைகள் கோட்டைத் தாண்டிப் போய்க் கைகோர்க்க வேண்டாமா? போகாதாம். சண்டை போட்ட சம்பந்திகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்ததுபோல, ஆளுக்கொரு பக்கமாகக் கோட்டோரம் படுத்துவிடுமாம். பார்த்தால் ஒரே குடும்பம், பாரம் வைத்தால் இரண்டு குடும்பம்!

"என் மச்சானுக்குன்னே இழையைக் கூடுதலாப் போட்டேனேய்யா!"

"மத்த இடமெல்லாம் பலமாயிருக்கும். கோடு மட்டும் அப்படியேதான் இருக்கும். உங்க பாசம் அங்க போய்ச் சேரலை. ரெண்டு வாயில ஒண்ணை அடைக்கணும்."

"மைக்ல பேசின வாயையா?"

"அதையும் அடைச்சா நல்லதுதான்" என்றார்.

வலப்பக்கத்து வாயை அடைத்தோம். இப்போது பலகை முழுக்க ஒரே ஓட்டமாக நிரம்புகிறது. கோடு பலகையை விட்டே ஓடிவிட்டது! புது நாற்காலியில் சிமென்ட் மூட்டை அடுக்கி, அதன்மேல் ஈர்க்குச்சியை ஏற்றினேன். அவன்தான் முனகினான், நாற்காலி முனகவில்லை. வந்து பார்த்த பெரிய கடைக்காரர், "உங்க மச்சானை மறுபடி உட்காரவையுங்க, நானே கைதட்டுறேன்" என்று சொல்லிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, சிரித்த அதே சபையைக் கூட்டுகிறேன். தப்பு நாற்காலியின் மேல்தான் என்று அதே மைக்கில் சொல்கிறேன். நீங்கள் ராஜா மாதிரி வந்து உட்காருங்கள். தங்கையை மறக்காமல், பெட்டியோடு அழைத்து வாருங்கள். உங்கள் இடுப்பும் நம் உறவும் நடுவில் கோடு விழாமல் நீண்ட காலம் நன்றாயிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதுவரை உள்ளதைத் தங்கையிடம் படித்துக் காட்டுங்கள். இதை வேண்டாம். உறை எடுப்பதற்காகப் புது நாற்காலியில் வலது கையை ஊன்றி எழுந்தேன். நாற்காலியின் கை என் கையோடு வந்துவிட்டது. மோல்டுக்காரரிடம் போனில் கத்தினால், "கோட்டை ஒழிக்க முடியாதுங்க, இடம்தான் மாத்தலாம். இப்ப அது வலது கைப்பிடிக்குக் குடிபோயிருக்கு" என்கிறார். சபைக்குச் சொல்லியாகிவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது. நீங்கள் தைரியமாக உட்காருங்கள். வலது கையை எங்கும் ஊன்றாமல் சபையைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருங்கள், ராஜாக்கள் அப்படித்தான் செய்வார்கள். எழுந்திருக்க மட்டும் அவசரப்படாதீர்கள். எல்லோரும் போனதும் நாங்கள் வந்து தூக்கிவிடுகிறோம்.