வாய்க் கட்டி, எண் 210

இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லித்தான் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தெரிந்தது கொஞ்சம்தான் (பரீட்சைக்குப் போதுமானது). அறுபதுகளின் தொடக்கம் அது.

புள்ளலூரிலிருந்து கன்னியப்பன் என்றொரு கூலிக்காரர் வந்தார். வெளிக்குப் போகும்போது ரத்தம். மூலம் என்று யாரோ சொல்ல, மாதக்கணக்கில் கருணைக்கிழங்கு தின்றிருக்கிறார். எங்கள் டாக்டர் குழாய் விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். மலக்குடலின் கடைசியில் காம்போடு ஒரு சதைக்கட்டி. அதை எடுத்து மெட்ராசுக்குச் சோதனைக்கு அனுப்பினார். இவையெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

அப்போது எனக்குத் தெரிந்தது அவர் மனைவி எல்லம்மாவை மட்டும்தான். அடிக்கடி என் மேஜை முன்னால் வந்து நிற்பார்.

"புத்துநோவுன்னா சொல்லிடு சார். அதுக்குள்ள பொண்ணு கல்யாணத்த முடிச்சிடறோம்."

நோய் எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான். வேறு கட்டி ஏதும் இருக்கிறதா என்று டவுன் ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்லி, சீட்டு எழுதும் வேலையை டாக்டர் என்னிடம் தந்தார். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அதையும் போட வேண்டும். அவர் கிறுக்கியிருந்த 'ரெக்டம்' எனக்குப் புரியவில்லை. அது என்ன என்று கேட்டேன். "ஆசனவாய்யா" என்றபடி போய்விட்டார். முன்பாதி ஒரு குழந்தையின் அழுகையில் கரைந்து, 'வாய்' மட்டும் என் காதில் விழுந்தது.

ஆபத்தில்லாத கட்டிகளில் வாய், தொண்டைக்கு 210. குடலுக்கு 211. 'வாய்க் கட்டி, எண் 210' என்று முத்து முத்தாக எழுதினேன்.

மாதக் கணக்கைக் கொடுக்க நானும் டவுனுக்குப் போக வேண்டியிருந்ததால் அவர்களோடு போனேன். சீட்டைப் பார்த்துத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கட்டி எங்கேய்யா?"

"அங்க இல்ல சார்."

"பேசாதே, வாயைத் திற."

இன்னொரு டாக்டரும் வந்து எட்டிப் பார்த்தார். கன்னியப்பன் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "பெரிய ஆஸ்பத்திரி இல்ல? மேலேர்ந்தே கடைசி வரைக்கும் பாப்பாங்க போலகீது."

எல்லம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. "இன்னா சார் தேடிக்கினு கீறீங்க? சோறு துன்ற வாயில்ல சார். அந்த வாயி."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். சீட்டை மறுபடி படித்தார். "யார் எழுதினது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நம்ம சாருதான்," என்றார் கன்னியப்பன். "நல்லா படிச்சவரு."

பிறகு சரியான பிரிவில், சரியான பக்கமாகப் பார்த்தார்கள். குடலில் வேறு கட்டி எதுவும் இல்லை. அதைக் கேட்டதும் எல்லம்மா வராந்தாவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்த கதையைக் கையசைவுகளோடு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த பஸ்ஸில் பழையசீவரத்துக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். பின்னாளில் அவர்தான் என் மாமனார். இன்றும் எனக்குப் பல்வலி வந்தால் என் மனைவிதான் கூட வருகிறாள். சொத்தை எந்தப் பக்கம் என்பதை டாக்டரிடம் அவள்தான் சொல்வாள்.