சாம்பாரில் இறங்கிய அயர்லாந்து மட்டை

எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று ஒப்புக்கொள்ளும் தைரியம் வாலிப வயதில் எனக்கு இருந்ததில்லை. யார் என்ன பேசினாலும் "எஸ் சார், எஸ் சார்" என்று தலையாட்டிவிடுவேன். செங்கம் ரோட்டில் அக்கா நடத்தும் விடுதியில் வெளிநாட்டுக்காரர்களைக் கவனிக்கும் வேலை எனக்குக் கிடைத்ததே அதனால்தான். (வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது அக்காவின் கட்சி.)

அந்த மார்கழியில் அயர்லாந்திலிருந்து ஷான் என்ற பெரியவர் வந்து தங்கினார். தினமும் காலை காபியோடு என்னிடம் நீளமாக ஏதோ பேசுவார். நானும் சளைக்காமல் தலையாட்டுவேன். பௌர்ணமியன்று கிரிவலம் கிளம்பும்போது, எப்போதும் கூடவே வைத்திருந்த ஒரு மர மட்டையை என் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, உருக்கமாக என்னவோ சொன்னார். எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன்.

அன்று மாலை விடுதி வாசலில் எங்கள் அன்னதானம். கூட்டம் ரோடு வரை நிற்கிறது. அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு படக்கென்று முறிந்தது.

"அடி புடிக்கப் போவுதுப்பா, ஏதாச்சும் எடுத்துனு வா!" என்று சமையல்காரர் கத்தினார்.

நான் ஓடிப்போய் மட்டையைக் கொண்டுவந்தேன். நீளக் கைப்பிடி, அகலமான நுனி. கிண்டுவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. கழுவித்தான் இறக்கினேன். (அந்த அளவுக்குச் சுத்தம் உண்டு.)

கிரிவலம் முடிந்து ஷான் தட்டோடு வரிசையில் வந்து நின்றபோது, மட்டை பாதி சாம்பாருக்குள் இருந்தது. அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. அவர் சொன்னதைக் கேட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டேய், இன்னாடா பண்ணி வெச்சிருக்க? ஹர்லிங்னு அவங்க ஊர் ஆட்டம், ஹாக்கி மாதிரி. இவரு ஜில்லா டீம்ல ஆடி ஃபைனல் ஜெயிச்ச மட்டைடா இது! அப்புறம் ஜில்லா சங்கத்துக்கே செயலாளரா இருந்தாராம். புதுசா கட்டற கிளப்புல மாட்டறதுக்குக் கேட்டிருக்காங்க. குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கூட வெச்சுக்கலாம்னு எடுத்துனு வந்தாராம். பத்திரமா பாத்துக்கோன்னு உங்கிட்ட குடுத்தா, நீ நல்லா தலையாட்டினியாம்!"

அண்டாவுக்குள் நானும் குதித்துவிடலாமா என்றிருந்தது. சோப்பு, புளி, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தோம். மஞ்சள் போகவேயில்லை. ஷானின் கிளப்புக்குப் பரம எதிரியான பக்கத்து ஊர் கிளப்பின் நிறமும் மஞ்சளாம். அதைச் சொல்லிவிட்டு மனிதர் மட்டையை இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் வரிசையில் தள்ளுமுள்ளு. சங்கத்தைக் கட்டி ஆண்ட உடம்பு சும்மா இருக்குமா? ஷான் மஞ்சள் மட்டையைக் குறுக்கே நீட்டி ஓர் அதட்டு அதட்டினார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் தலையாட்டிவிட்டு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசியில் அவரும் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊருக்குப் போன கொஞ்ச நாளில் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே புத்தம்புது மட்டை. இந்தத் தடவை தப்பே நடக்கக்கூடாது என்று சந்தனம், குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அடுத்த வாரம் ஷானோடு போனில் பேசிக்கொண்டிருந்த அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், அது சாம்பார் கிண்டறதுக்காம்டா!"

இன்றைக்கும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அக்கா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "எங்க தம்பிங்க. மாட்டற மட்டைய அண்டாவுல வுட்டான், கிண்டற மட்டைய சாமி ரூம்ல மாட்டினான்."