இரண்டாம் குரலுக்கு மௌனம்

இந்தத் தடவை தனிப்பாட்டைத் தானே பாடிவிடுவது என்று கட்டைக்குரல் முடிவு கட்டினார். நாலு பேர் பாடும் குழுவில் அவருக்கு அதுதான் பெயர். பதினொரு வருஷமாக ஓரத்தில் நின்று உறுமியதுதான் மிச்சம். பக்கத்தில் மனைவி வாயைத் திறந்தால், தான் பாடுகிறோமா இருமுகிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

வாத்தியார் நாலு குரலுக்கு, நாலு பகுதியாக ஒரு பாட்டு இயற்றினார். அதன் சுரங்களைக் கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தட்டி அச்சுக்கு அனுப்புவது கட்டைக்குரலின் பொறுப்பு.

“மூணாம் பகுதியில தனிப்பாட்டு வருது. யாருக்குப் பொருந்துமோ, நீங்களே பாத்துப் போட்டுடுங்க.”

பார்த்துத்தான் போட்டார். நாலாம் குரலான தனக்குத் தனிப்பாட்டு. இரண்டாம் குரலான மனைவிக்கு அறுபத்து நாலு தாளக்கட்டு மௌனம். மௌனத்துக்குக் குறி ‘இசட்’ எழுத்து. வரிசையாக இசட் தட்டத் தட்ட உள்ளம் குளிர்ந்தது. அவள் வாயை அடைக்க இவ்வளவு சுலபமான வழி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எழுத்து என்று எதைக் கண்டாலும் கை பரபரக்கும். கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

“இந்தக் காற்புள்ளியெல்லாம் எதுக்குங்க?”

“கட்டைக் குரலுக்கு. அதைப் போட்டா சுரம் கீழே இறங்கும். எடுத்தா மேலே ஏறும்.”

“வரிக்கு முன்னால நம்பரு?”

“யார் பாடணும்னு.”

“இந்த இசட்டு?”

“அது... சும்மா ஒரு அலங்காரம்.”

“ரெண்டாம் நம்பருக்கு ரொம்பத்தான் அலங்காரம் பண்ணியிருக்கீங்க!”

மறுநாள் காலை அவர் வெந்நீர் கொப்பளித்துத் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றாள்.

“மூணாம் பகுதியில ரெண்டு நம்பர் இடம் மாறியிருந்துச்சு. காற்புள்ளி வேற தேவையில்லாம கொட்டிக் கிடந்துச்சு. எல்லாம் சரிபண்ணிட்டேன்.”

களகள சத்தத்தில் ‘சரிபண்ணிட்டேன்’ மட்டும் காதில் விழுந்தது. வாய் நிறைய வெந்நீரோடு தலையை ஆட்டினார். திறந்துகூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினார்.

ஒத்திகையில் மூன்றாம் பகுதியைப் பிரித்தவருக்குத் தலை சுற்றியது. நாலாம் குரலுக்கு நேரே அறுபத்து நாலு மௌனம். தனிப்பாட்டு முழுக்க இரண்டாம் குரலுக்கு.

வாத்தியார் தழுதழுத்தார். “தனக்குன்னு ஒரு சுரம்கூட வச்சுக்காம மனைவிக்கு விட்டுக் கொடுத்திருக்கீங்களே! என்னால முடியாதுப்பா!”

மற்ற இருவரும் கை தட்டினார்கள். மறுத்துப் பேசினால் இசட் கதை முழுக்க வெளியே வந்துவிடும். அவருக்கு அழுகையே வந்தது. அதையும் வாத்தியார் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்.

மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் தாள்களை அவர் கையில் கொடுத்தாள்.

“சும்மாதானே நிக்கப் போறீங்க? எனக்குப் பக்கம் திருப்பி விடுங்க.”

திருப்பினார்.