மகள் காய்ச்சிய பீரும் நான் அடைத்த குழாயும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் நலம். மகளுடைய பீர்ப்பட்டறையில் மேற்கூரை மட்டும் சற்று ஈரம். அங்கு தாங்களும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நேற்றுக் காலை மகள் கண்ணாடிக் கோப்பைகள் வாங்கிவரக் கிளம்பும்போது பட்டறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "அப்பா, சும்மா உக்காந்திருங்க, போதும். எதையும் தொடாதீங்க" என்றாள். குடிநீர் இலாகாவில் ஆயுசு பூராவும் கசிவு பிடித்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? செய்தித்தாளைப் பிரிக்கிறேன், மூலையில் 'குபுக் குபுக்'. பார்த்தால், ஆளுயர எஃகுத் தொட்டியின் தலையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, வாளித் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு குமிழி விடுகிறது. ஒழுகுற இடத்துல வாளி வெக்கிறது எனக்கு ஆகவே ஆகாது மச்சான். எங்க ஆபீசுல எவனாவது அப்படி வெச்சா அன்னிக்கே மெமோதான். பாவம், ஒத்தை ஆளா அல்லாடுற பிள்ளை, எங்க கவனிச்சிருக்கப் போறாள்னு, குழாயை ரெண்டா மடிச்சு, கம்பியைச் சுத்தி, குறடால ஒரு முறுக்கு முறுக்கினேன். சத்தம் கப்புனு நின்னுச்சு. ரிட்டயர் ஆனப்புறம் அப்படி ஒரு திருப்தி எனக்கு வந்ததே இல்லை.

எல்லாம் மத்தியானம் வரைக்கும்தான். தொட்டி முதல்ல முனகிச்சு, அப்புறம் உறுமிச்சு. பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"ன்னார். "ஒண்ணுமில்ல, பைப் வேலை"ன்னு சொல்லி வாய் மூடல, உச்சியில இருந்த மூடி படார்னு திறந்து, நுரை நட்டுக்குத்தலா கூரையில அடிச்சு, எங்க ரெண்டு பேர் தலையிலயும் இறங்குச்சு. ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லை எனக்கு, நேத்து எண்ணெய் தேய்க்காத குறையா முழுகிட்டேன். பேக்கரிக்காரர் மீசையை நக்கிப் பார்த்து, "நல்லாத்தான் சார் இருக்கு"ன்னார். எனக்கு அழுகையே வந்துருச்சு. பெரிய கம்பெனிக்காரனுக்கு நடுவுல தனியா நின்னு சாதிக்கிறேன்னு வேலையை விட்டுட்டு வந்த பிள்ளை, அவ உழைப்பைக் கொண்டுபோய்க் கூரைக்குப் பூசிட்டேனே!

மகள் வந்தா. கூரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கம்பியைப் பார்த்தா. நேராப் போய்க் கம்பியை வெட்டினா. அப்புறம் கீழ்க் குழாயில கொஞ்சம் பிடிச்சு, மோந்து, வாயில வெச்சா. எனக்கு மூச்சே நின்னு போச்சு. "நல்லா இருக்குப்பா, ஒண்ணும் கெடல"ன்னு சொல்லிட்டு, தரையில உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பாடா! வயித்துல பால் வார்த்தா மச்சான். "உள்ள ஈஸ்ட் உயிரோட இருக்குப்பா. சர்க்கரையைத் தின்னுட்டு மூச்சு விடுது. நீங்க போய் அது மூக்கைப் பொத்திட்டீங்களே!"ன்னா. அடுத்த அறையில சனிக்கிழமை திறப்புக்குத் தயாரா இருக்கிற பீப்பாய்களைப் பத்தியும், "அதெல்லாம் சோடா பாட்டில் மாதிரிப்பா, உள்ள இருக்கிற காத்து போச்சுன்னா..."ன்னு என்னமோ ஆரம்பிச்சா. இருந்த நிம்மதியில எதுவும் காதுல ஏறல, தலையை மட்டும் ஆட்டி வெச்சேன்.

இன்னிக்குக் காலையில லேபிள் வாங்கப் போறப்ப, அதே சாவியை மறுபடி என் கையிலேயே குடுத்துட்டுப் போயிருக்கா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சாவியைப் பார்த்ததும்தான் கண் கலங்கிருச்சு.

ஆகவே, "பொம்பளைப் பிள்ளைக்கு வேற தொழிலே கிடைக்கலையா" என்று போனில் கேட்டதையெல்லாம் மறந்துவிட்டு, தாய்மாமனாகிய தாங்களே சனிக்கிழமை வந்து முதல் கோப்பையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கூரை விஷயம் உங்கள் தங்கைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
போன உயிர் திரும்பி வந்த
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுமுன் அடுத்த அறையை எட்டிப் பார்த்தேன், பகீரென்றது. வரிசையாகப் பீப்பாய்கள், ஒன்றுக்காவது மூச்சு விட வழியில்லை! அவ்வளவு சொன்ன பிள்ளையே இப்படி இறுக்கி மூடி வைத்திருக்கிறாள். தலையிலிருக்கும் வளையத்தை இழுத்தால் 'உஸ்' என்று காற்று வருகிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூனைச் செருகிவிட்டேன். அப்போதிலிருந்து எல்லாம் நிம்மதியாக மூச்சு விடுகின்றன. வாசலில் மகளின் வண்டிச் சத்தம் கேட்கிறது. பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!