பதினோராம் பக்கப் பரணி

வாழ்க, பேனாவே வேலாக, மூக்குக்கண்ணாடியே கேடயமாக, ஆறிப்போன காப்பியே அமுதமாகக் கொண்டு, பன்னிரண்டு வாக்கியங்களுடன் களம் புகுந்து ஒரே ஒரு வாக்கியத்துடன் எஞ்சி நின்ற சிறார் கதைச் செல்வி, எங்கள் எழுத்தாளர்! அந்த ஒன்றைக் காக்க அவர் புரிந்த அரும்போரைச் சொல்லப் புகுகிறோம். சொல்லுக்கு அதிபதி எத்தெய்வமாயினும் எழுந்தருளி, எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்வதாக.

களமோ கிளை நூலகத்தின் மாடியறை. உள்ளூர்ச் சிறார் எழுத்தாளர் ஒருவரும் ஓவியர் ஒருவரும் ஆறு வாரம் கூடியிருந்து ஒரு படப்புத்தகம் ஆக்கித் தர வேண்டும் என்று நூலகம் வகுத்த அத்திருப்பணிக்கு ‘தங்கிப் படைத்தல்’ என்று பெயர். பெயரில்தான் தங்கல், ஐந்தரை மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்துவிடுவார்.

மேசையின் மறுகரையில் வீற்றிருந்தார் ஓவியர்: வண்ணக்குழம்பு தோய்ந்த விரலினர், காதிடைச் செருகிய தூரிகையினர், வாக்கியம் உண்ணும் வாயினர். பல் விழுந்த முதலை ஒன்றின் கதையை எழுத்தாளர் பக்கத்துக்கு ஒரு வாக்கியமாக அளிக்க, இவர் அதைப் படமாக வரைந்து முடித்து, “அதான் படத்துலயே இருக்கே அக்கா” என்னும் ஒற்றை மந்திரத்தால் அந்த வாக்கியத்தையே வீழ்த்துவார். ‘குளத்தில் ஒரு முதலை இருந்தது’ வீழ்ந்தது. குளமும் இருந்தது, முதலையும் இருந்தது, என்ன சொல்ல முடியும்? ‘அதன் பல் விழுந்தது’ பல்லோடு விழுந்தது. ஐந்தாம் வாரம் முடிகையில் பதினொரு வாக்கியங்கள் பென்சில் கோட்டால் மார்பு பிளந்து மாண்டுகிடக்க, பதினோராம் பக்கத்து ‘முதலைக்கு வெட்கமாக இருந்தது’ மட்டும் தனித்து நின்றது.

அதுவும் போய்விட்டால் அட்டையில் ‘எழுத்து’ என்று போட்டு இவர் பெயர் எதற்கு? இரண்டாம் வகுப்பில் பயிலும் இவர் மகளோ, எங்கம்மா புத்தகம் எழுதுறாங்க என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, வெளியீட்டு நாளில் அம்மா எழுதியதைத் தானே வாசிக்கப்போவதாகச் சபதமும் செய்திருந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் எழுத்தாளர் அந்த ஒற்றை வாக்கியத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொள்வார்.

வந்தது இறுதி நாள். மின்விசிறி முரசென அதிர, தாள்கள் கொடியெனப் படபடக்க, ஓவியர் பென்சிலை உருவினார். முகத்திலேயே வெட்கம் வழிகிறது, வால் காலுக்கிடையில் ஒடுங்கிக் கிடக்கிறது, இதற்குமேல் சொல் எதற்கு என்று ஆர்ப்பரித்தார். அதுகாறும் பொறுமைக்கடலாயிருந்த எழுத்தாளர், நாற்காலி பின்னே சாய, ரப்பர் உருண்டோட, பொங்கியெழுந்து முழங்கினார்:

“தம்பி, பச்சையா இருக்கிற மூஞ்சி எப்படிப்பா சிவக்கும்?”

ஓவியர் சளைத்தாரில்லை. முதலையின் கன்னத்தில் இளஞ்சிவப்பைப் பூசினார். கன்னம் வேர்க்குரு வந்ததுபோல் ஆயிற்று. எழுத்தாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஓவியர் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் பூசினார். அவ்வமயம், கையெழுத்து வாங்கக் கோப்புடன் படியேறி வந்த நூலகர், இரு படைக்கும் நடுவில் நின்று, படத்தை எட்டிப் பார்த்து, இரக்கத்துடன் கேட்டார்:

“அய்யோ பாவம், இதுக்கு என்ன, வயித்துவலியா?”

அவ்வினா இடியென விழ, பென்சில் தாழ்ந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஓவியர் முனகினார். முதலையின் வயிற்றுக்குக் கீழே வெறுமனே கிடந்த இரண்டங்குல வெள்ளை நிலத்தில், அந்த ஒற்றை வாக்கியம் வாகை சூடி அமர்ந்தது. எழுத்தாளர் அன்று வீட்டுக்கு நடந்தா போனார், மிதந்தல்லவா போனார்!

அச்சாகி வந்தது ஒரே ஒரு படி. வெளியீட்டு நாளில் நூலகர் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டார். முறை என்பது யாதெனில், எப்பேர்ப்பட்ட நூல் வந்தாலும், களவு போனால் அடையாளம் காட்ட வசதியாக, அதன் பதினோராம் பக்கத்து அடியில் உள்ளங்கை அகல முத்திரை குத்துவது. இருபத்தைந்து வருடப் பழக்கம். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. கை ஓங்கியது, விழுந்தது. எழுத்தாளரின் வாக்கியம் ஊதா மையில் ஓரெழுத்து மிஞ்சாமல் மூழ்கிற்று.

பள்ளி விட்டு நேரே வந்த மகள் புத்தகத்தை வாங்கி, சொல்லில்லாப் பக்கங்களை விறுவிறுவெனப் புரட்டி, பதினோராம் பக்கத்தில் நின்று, ஊதா எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டு, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்க வாசித்தாள்: “நூலகத்தின் உடைமை. கிழிக்காதீர்.”

பிறகு அந்தப் பல் போன முதலையை வெகுநேரம் பார்த்தாள்.

“சூப்பரா எழுதியிருக்கேம்மா. பாவம், அதை யாரும் கிழிக்கக் கூடாது.”

எழுத்தாளர் “தேங்க்ஸ்டா” என்று சொல்லிவிட்டு மகளின் ஸ்கூல் பையை வாங்கிக்கொண்டார்.